விஆர் ஹெட்செட்டா, பொம்மையா, நடிக்கும் நோயாளியா? வார்டுக்குப் போகும் முன் எதில் பயிற்சி கொடுப்பது

முதன்முறையாக வார்டுக்குப் போகப்போகும் மருத்துவ மாணவர்களை எப்படித் தயார்செய்வது என்ற பேச்சு எழுந்தாலே, இப்போதெல்லாம் முதலில் அடிபடும் பெயர், மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் விஆர்தான். விற்க வருபவர் ஒரு ஹெட்செட்டைத் தலையில் மாட்டிவிடுகிறார். கண்முன்னே அவசரப் பிரிவு விரிகிறது. மூச்சுத் திணறும் நோயாளி நம்மையே பார்க்கிறார், மானிட்டர் விடாமல் கத்துகிறது. ஐந்தே நிமிடத்தில் ஹெட்செட்டைக் கழற்றும் துறைத்தலைவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாங்கலாம்?"

அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. போஸ்டிங்கின், அதாவது வார்டுப் பயிற்சியின், முதல் வாரத்தில் மாணவர் எங்கே தடுமாறுகிறார்?

மாணவர்களோடு வார்டில் நின்றவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். சிலருக்குக் கை வராது: நாடி பிடிக்கவும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் ரத்தக்குழாயில் கேனுலா என்ற சிறு குழாய் போடவும் விரல்கள் தயங்கும். சிலருக்குப் பேச்சு வராது. நோயாளியின் கட்டிலருகே போய் நின்றுவிட்டு, தன் பெயரைக்கூடச் சொல்லாமல் "எத்தனை நாளா வலி?" என்று ஆரம்பிப்பார்கள். இன்னும் சிலர் பாடத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால் நோயாளியின் நிலைமை கண்ணெதிரே மோசமாகும்போது எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை அவர்களுக்குக் கலைந்துபோகும். இவை போக, எங்கே நிற்பது, யாரிடம் அனுமதி கேட்பது, கேஸ் ஷீட் எங்கே இருக்கும் என்கிற இடத் தடுமாற்றம் எல்லோருக்குமே உண்டு.

என் கணிப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். கலைந்துபோகும் அந்த வரிசையைச் சரிசெய்ய விஆர் நல்ல கருவி. இடத் தடுமாற்றத்துக்கும் ஓரளவு உதவும். கைக்கும் பேச்சுக்கும் அதை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பொம்மை

மேனிக்கின் எனப்படும் பயிற்சிப் பொம்மைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960-இல் கொண்டுவந்த 'ரெசஸி ஆன்' இன்றும் பயிற்சிக் கூடங்களில் படுத்திருக்கிறாள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவள் ஓய்வுபெறாததற்குக் காரணம் எளிது. இதயம் நின்றவருக்குச் செய்யும் சிபிஆரில் மார்பை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது என்பது தோளும் முதுகும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. கண்ணால் பார்த்தோ கண்ட்ரோலர் பொத்தானை அழுத்தியோ அது வராது. இரண்டு நிமிடம் அழுத்தியபின் கை எப்படிச் சோர்ந்து ஆழம் குறைகிறது என்பது அழுத்திப் பார்த்தவருக்கே தெரியும். அதேபோல், ஒருவர் மூச்சு கொடுக்கும் அம்பு பேக் பிடிக்க, ஒருவர் மார்பை அழுத்த, இன்னொருவர் மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரோடு நிற்க, குழுவாக ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வேலை செய்யப் பழகவும் பொம்மையைச் சுற்றி நிற்பதுதான் நல்ல வழி.

அதன் பலவீனம் முகம். இதய ஒலி தருகிறது, மார்பு ஏறி இறங்குகிறது, கண் சிமிட்டுகிறது, சரி. ஆனால் வெளிறிய முகம், பக்கவாதத்தில் ஒருபக்கம் தொங்கும் வாய், மார்பில் பரவும் தடிப்பு ஆகியவற்றைப் பெரும்பாலான பொம்மைகளால் காட்ட முடியாது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் மைக்கில், "நோயாளி வேர்த்துக் கொட்டுகிறார்" என்று சொல்லவேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லிவிட்டால், மாணவர் தானாகக் கவனித்திருக்கவேண்டிய ஒன்றை நாமே கையில் கொடுத்தாயிற்று.

இன்னொரு குறை, முறை வருவது. ஒரு பொம்மையைச் சுற்றி ஆறு பேர் நின்றால் முடிவெடுப்பவர் ஒருவர், ஐந்து பேர் பார்வையாளர்கள். கூச்ச சுபாவமுள்ள மாணவர் ஆண்டு முழுக்கப் பின்வரிசையிலேயே நின்று சமாளித்துவிட முடியும்.

நடிக்கும் நோயாளி

1963-இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பேரோஸ், நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கும் ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர்கள் முன் உட்காரவைத்தார். 1975-இல் ரொனால்ட் ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து, பல நிலையங்களில் செயல்திறனைச் சோதிக்கும் ஆஸ்கி தேர்வுமுறையை அறிமுகப்படுத்தியபின், நடிக்கும் நோயாளி உலகெங்கும் தேர்வுக்கூடங்களுக்குள் வந்துவிட்டார்.

இந்த முறையின் மதிப்பு, எதிரே இருப்பவர் நிஜமாகவே கூச்சப்படுகிறார், குறுக்கே பேசுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்பதில் இருக்கிறது. சட்டையை விலக்கச் சொல்லும் முன் அனுமதி கேட்க மறந்தால், நோயாளி சட்டென்று சட்டையை இழுத்துப் பிடித்துக்கொள்வார். அந்த ஒரு அசைவு மாணவருக்கு ஆயுசுக்கும் மறக்காது. முடிந்தபின் அதே ஆள் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, "நீங்கள் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள், என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை" என்று சொல்லமுடியும். எந்த மென்பொருளும் இதை இவ்வளவு உறைக்கும்படி சொல்லி நான் பார்த்ததில்லை. இப்போது ஏஐ மூலம் பேசும் மெய்நிகர் நோயாளிகள் வந்திருக்கிறார்கள். கேள்வி கேட்டதும் விழும் சின்ன இடைவெளியும், எதற்கும் கோபப்படாத பொறுமையும் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. நோய் வரலாறு கேட்கும் ஹிஸ்டரி கேள்விகளின் வரிசையைத் தனியாக ஒத்திகை பார்க்க அவர்கள் போதும். மோசமான செய்தியைச் சொல்லப் பழகுவதற்கு மனிதர்தான் வேண்டும்.

ஆரோக்கியமானவர் நடிப்பதால் இதய முணுமுணுப்பையோ விழும் ரத்த அழுத்தத்தையோ அவரால் காட்ட முடியாது. ஆட்களைத் தேடவேண்டும், பழக்கவேண்டும், இருபதாவது மாணவரிடமும் முதல் மாணவரிடம் சொன்னதையே அதே தொனியில் சொல்லவைக்கவேண்டும். சிரமமான வேலை. இருந்தாலும் பயன் அதைவிடப் பெரிது.

ஹெட்செட்

இனி விஆர். அது நன்றாகச் செய்யும் ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்.

காட்சி இது: வார்டில் ஒரு நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது. "உடம்பெல்லாம் அரிக்குது" என்கிறார். கழுத்திலிருந்து மார்புக்குத் தடிப்பு பரவுகிறது, குரல் கரகரக்கிறது, ஆக்சிஜன் அளவு 93, 90, 88 என்று இறங்குகிறது. இது அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை, என்று மாணவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அட்ரினலின் என்றும் சொல்வார். வகுப்பில் கேட்டால் அளவுகூடச் சொல்வார்: 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஆனால் டிரிப்பை நிறுத்த மறந்திருப்பார். காரணமான மருந்து சொட்டுச் சொட்டாக இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும், அவர் மருந்துப் பட்டியலில் தேடிக்கொண்டிருப்பார்.

வகுப்பில் இந்தப் பிழை வெளியே வராது, ஏனென்றால் அங்கே டிரிப் பாட்டில் கிடையாது. விஆரில் அது தலைக்கு மேலே தொங்குகிறது. நிறுத்தாவிட்டால் நோயாளி மோசமாகிக்கொண்டே போவார். பக்கத்தில் பார்த்துக் காப்பியடிக்க நண்பர் இல்லை, ஜாடை காட்ட ஆசிரியர் இல்லை. பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்கிற அந்தத் தனிமையை மற்ற முறைகளால் இவ்வளவு சுலபமாக எல்லா மாணவருக்கும் கொடுக்க முடியாது. தவறினால் யாருக்கும் கெடுதலில்லை, உடனே மறுபடி ஆரம்பிக்கலாம். முடிந்ததும் எந்த நிமிடத்தில் என்ன செய்தார் என்ற பதிவு கையில் இருக்கும். மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்று போகும் ஏபிசிடிஇ வரிசையில் நோயாளியைப் பார்ப்பது, எப்போது மூத்தவரைக் கூப்பிடுவது, கூப்பிட்டால் எஸ்பார் முறையில் (நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை) நாலு வரியில் விஷயத்தைச் சொல்வது ஆகியவற்றை விஆர் நன்றாகவே படியவைக்கும்.

சரி, இப்போது மறுபக்கம். அதே காட்சியில் மாணவர் அட்ரினலினை எப்படிக் கொடுத்தார்? மெனுவைத் திறந்தார், ஐந்தாறு மருந்துப் பெயர்கள் வந்தன, ஒன்றைத் தொட்டார். எந்த வழி, எவ்வளவு என்று அதுவே கேட்டது, இன்னும் இரண்டு முறை தொட்டார். முடிந்தது. நிஜ வார்டில் மெனு கிடையாது. மனதில் வராத மருந்து கண்ணுக்கு முன்னால் வந்து நிற்காது. தவிர, அங்கே ஆம்பூல் எனும் கண்ணாடி மருந்துக் குப்பியை உடைக்கவேண்டும், நடுங்கும் விரலால் 1:1000 கரைசலில் அரை மில்லி உறிஞ்சவேண்டும். விஆர் இந்த இரண்டு கஷ்டங்களையும் மறைத்துவிடுகிறது. அதிலேயே பத்து முறை செய்து ஜெயித்தவருக்குத் தன்மேல் வரும் நம்பிக்கையில் ஒரு பகுதி பொய்.

இதற்கு எளிய பரிகாரம் உண்டு. ஹெட்செட்டைக் கழற்றியதும் அடுத்த மேசையில் தண்ணீர் நிரப்பிய ஆம்பூலும் சிரிஞ்சும் ஊசி போடும் மாதிரித் தொடையும் வையுங்கள். இப்போது கொடுத்த மருந்தைக் கையால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை.

கையால் உணரவேண்டிய எதையும் சாதாரண ஹெட்செட் தராது. கண்ட்ரோலர் அதிரும், அவ்வளவுதான். வீங்கிய கல்லீரலின் விளிம்பு விரலில் இடிப்பதையும், விறைத்த வயிற்றையும், தட்டிப் பார்க்கும்போது மாறும் ஒலியையும் நிஜ உடம்பில்தான் கற்கவேண்டும். 'பரிசோதி' என்று தொட்டால் 'வலது அடிவயிற்றில் வலி' என்று எழுத்தில் வருவது பரிசோதனை ஆகாது.

கணினித் திரையும் 360 டிகிரி வீடியோவும்

விலைப்பட்டியலில் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் இவை இரண்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஹெட்செட்டில் ஓடும் பல காட்சிகள் சாதாரண மடிக்கணினித் திரையிலும் ஓடும். வரிசையைப் பழக்குவதுதான் நோக்கம் என்றால், தலையைத் திருப்பினால் சுவர் தெரிவதால் எவ்வளவு கூடுதலாகக் கற்கிறோம்? 2019-இல் மக்ரான்ஸ்கி, டெர்கில்ட்சன், மேயர் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரே ஆய்வுக்கூடப் பயிற்சியைச் சிலருக்குத் திரையிலும் சிலருக்கு ஹெட்செட்டிலும் கொடுத்தார்கள். ஹெட்செட் அணிந்தவர்களுக்கு 'அங்கேயே இருக்கிறோம்' என்ற உணர்வு அதிகம், கற்றது குறைவு. அது மருத்துவ மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு இல்லை, அதனால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் பிரமிப்பும் கற்றலும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைக்க அது போதும்.

360 டிகிரி வீடியோவோ இன்னும் எளிது. மாணவர்கள் போகப்போகும் அதே வார்டை, நோயாளி யாரும் படாமல், ஒரு கேமராவை நடுவில் நிறுத்திப் படம்பிடிக்கலாம். நர்ஸிங் ஸ்டேஷன் எங்கே, கை கழுவும் இடம் எங்கே, அவசர டிராலி எந்த மூலையில், ரவுண்ட்ஸின்போது மாணவர் எந்தப் பக்கம் நிற்பது என்று வார்டு நர்ஸ் ஒருவரே பேசிக் காட்டினால், இடத் தடுமாற்றத்தில் பாதி வீட்டிலேயே தீர்ந்துவிடும். விலையுயர்ந்த மென்பொருளில் இருக்கும் பளபளப்பான கற்பனை வார்டைவிட, உங்கள் வார்டின் சுமாரான வீடியோ இந்த வேலைக்கு மேல்.

மீதிப் பாதிக்கு, மூத்த மாணவர் ஒருவரோடு ஒரு நாள் கூடவே நடந்து பார்ப்பது போதும்.

நேரம், பராமரிப்பு, தலைச்சுற்றல்

ஒரு கணக்குப் போடலாம். நூறு மாணவர்கள், பத்து ஹெட்செட். மாட்டிப் பழக, பதினைந்து நிமிடக் காட்சி, பிறகு உட்கார்ந்து அலசும் டிப்ரீஃபிங் என எல்லாம் சேர்த்து ஒரு குழுவுக்கு ஒரு மணி நேரம். பத்து மணி நேரத்தில் நூறு பேரும் ஆளுக்கு ஒரு காட்சியில் தாங்களே முடிவெடுத்திருப்பார்கள். ஒரு பொம்மையில் ஆளுக்கொரு முறை தலைமை கொடுக்க நூறு மணி நேரம் வேண்டும். விஆருக்குச் சொல்லக்கூடிய வாதங்களில் இதுவே வலுவானது, காட்சியின் அழகைவிடப் பல மடங்கு. ஆனால் டிப்ரீஃபிங்கை வெட்டினால் இந்தக் கணக்கே பொய்த்துவிடும். ஏன் டிரிப்பை நிறுத்தவில்லை என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டு, மாணவர் தன் வாயால் காரணம் சொல்லும் இடத்தில்தான் பாடம் நடக்கிறது. பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியராவது அந்த நேரத்தில் வேண்டும். ஹெட்செட் வாங்கினால் ஆசிரியர் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

வாங்கும் விலையைவிட வருடாவருடம் கட்டும் மென்பொருள் உரிமக் கட்டணம்தான் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். கருவியின் ஆயுளும் குறைவு: ஓகுலஸ் கோ 2018-இல் விற்பனைக்கு வந்தது, 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. காட்சிகளை எழுதியது வேறொரு நாடாக இருந்தால் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. ரத்தச் சர்க்கரை அளவு 20 என்று மானிட்டர் மில்லிமோல் கணக்கில் காட்டினால், மில்லிகிராம் கணக்கில் அது 360. மில்லிகிராமில் படித்துப் பழகிய மாணவர் அதை உயிருக்கு ஆபத்தான தாழ்சர்க்கரை என்று நினைத்து குளூக்கோஸ் ஏற்றப் போவார். அட்ரினலின் சில இடங்களில் எபிநெஃப்ரின் என்ற பெயரில் வரும். நர்ஸ் எதைச் செய்வார், மாணவர் எதைச் செய்வார் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். காட்சிகளை நீங்களே திருத்த முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

அப்புறம் குமட்டல். கண் நடக்கிறது என்கிறது, உட்செவி நிற்கிறாய் என்கிறது. இந்த முரண்பாட்டில் சிலருக்குத் தலை சுற்றும். உட்கார்ந்தபடி செய்யும் காட்சிகளும், நடப்பதற்குப் பதில் இடம்விட்டு இடம் தாவும் வடிவமைப்பும் இதைக் குறைக்கும், ஒழிக்காது. வலிப்பு வரலாறு உள்ளவர்களைக் கேட்டு ஒதுக்கவேண்டும். மூக்குக்கண்ணாடிக்கு இடமிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒருவர் கழற்றியதை அடுத்தவர் மாட்டுவதற்குள் துடைக்கவேண்டும். இதனால் மதிப்பெண்ணை ஹெட்செட்டோடு கட்டாதீர்கள். முடியாதவருக்குத் திரை வடிவம் இருக்கட்டும்.

ஆதாரம் எவ்வளவு?

விற்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, சீமோரும் சகாக்களும் 2002-இல் வெளியிட்ட யேல் பல்கலைக்கழக ஆய்வு. பதினாறு அறுவைசிகிச்சைப் பயிற்சி மருத்துவர்களில் (ரெசிடென்ட்) விஆரில் பயின்றவர்கள் பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள், பிழைகளும் குறைவு. நல்ல ஆய்வு. ஆனால் அங்கே தலையில் ஹெட்செட் கிடையாது. சிறு துளை வழியே அறுவை செய்யும் லேப்ராஸ்கோபி கருவிபோன்ற பிடிகளும் எதிரே ஒரு திரையும் கொண்ட பெட்டி அது. நிஜ அறுவையிலும் மருத்துவர் திரையைப் பார்த்தே வேலை செய்கிறார் என்பதால் பயிற்சி அப்படியே கைக்கு வந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர் மூச்சுத் திணறும் நோயாளியைப் பார்ப்பதற்கு அதை ஆதாரமாக நீட்டக்கூடாது.

சிமுலேஷன் (நிஜம்போன்ற சூழலை உருவாக்கிப் பயிற்சி கொடுப்பது) என்ற முறைக்கே ஆதாரம் வலுவாக இருக்கிறது. 2011-இல் குக்கும் சகாக்களும் 609 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அறிவு, திறன், நடத்தை மூன்றிலும் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. கவனிக்கவேண்டியது, அவை ஒப்பிட்டது பெரும்பாலும் 'எதுவுமே இல்லாமல் இருப்பதோடு'. அமெரிக்காவில் 2014-இல் வெளியான நர்ஸிங் ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை தரமான சிமுலேஷனுக்கு மாற்றியும் மாணவர்கள் பின்தங்கவில்லை என்றது. அங்கே நடத்தியவர்கள் டிப்ரீஃபிங்கில் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் என்பதைச் சேர்த்தே படிக்கவேண்டும். வார்டு நேரத்தைக் குறைத்து ஹெட்செட் வைக்க அது அனுமதிச்சீட்டு இல்லை.

எதை எடுப்பது

கையில் பணமும் ஆளும் குறைவாக இருந்தால்: வார்டின் 360 டிகிரி வீடியோ, திரையில் ஓடும் காட்சிகள், இருக்கும் பழைய பொம்மையில் சிபிஆர், மூத்த மாணவர்களையே நோயாளிகளாக நடிக்கவைப்பது. ஹெட்செட் வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு ஆசிரியர்களை டிப்ரீஃபிங் பயிற்சிக்கு அனுப்புங்கள்.

மாணவர் எண்ணிக்கை அதிகம், ஆசிரியரும் ஓரளவு இருக்கிறார்கள் என்றால் விஆர் தன் விலைக்கு உழைக்கும். போஸ்டிங்குக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு அவசரக் காட்சிகள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை: முதல்முறை தடுமாற, அலசியபின் மறுபடி செய்ய. பக்கத்து மேசையில் ஆம்பூலும் சிரிஞ்சும்.

நடிக்கும் நோயாளிகளை வைத்து ஏற்கெனவே நல்ல திட்டம் நடக்கும் இடத்தில், அதை வெட்டி விஆருக்குக் காசு தேடுவதை மட்டும் நான் எதிர்ப்பேன். முதல் வாரத்தில் நோயாளிகள் மாணவர்களைப் பற்றிச் சொல்லும் குறைகளில் ஒன்றுகூட ஹெட்செட்டால் தீரும் வகையைச் சேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வாங்குவதென்று முடிவானால், முதலில் ஐந்து கருவிகளை ஒரு பருவத்துக்கு மட்டும் எடுங்கள். பாதி மாணவர்களுக்கு அதே காட்சிகளைத் திரையில் கொடுங்கள். இரண்டு குழுவையும் போஸ்டிங்கின் இரண்டாம் வாரத்தில் வார்டு ஆசிரியர்கள், யார் எந்தக் குழு என்று தெரியாமல், ஒரே தாளில் மதிப்பிடட்டும். அந்த முடிவு கைக்கு வரும்வரை பல ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டாம். மாணவர் செயல்பாட்டுப் பதிவுகள் யாருக்குச் சொந்தம், ஒப்பந்தம் முடிந்தால் அவற்றை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.